நாய்க்கு வாசனை எண்ணெய் தடவும் முன்

கேமரன் மலையின் கியா பார்ம் சந்தையில் முட்டைக்கோஸுக்கும் ஸ்ட்ராபெர்ரிக்கும் நடுவே லாவெண்டர் பைகளும் வாசனைப் பொருள்களும் விற்பனைக்கு இருக்கின்றன. திரிங்காப் பக்கம் போனால் லாவெண்டர் தோட்டமே உண்டு. வாசனை எண்ணெய் வாங்கும் பலருக்கும் வரும் ஒரு சந்தேகம்: வீட்டு நாய்க்கும் இதில் இரண்டு சொட்டு போடலாமா? சொறிக்கு, உண்ணிக்கு, காது நாற்றத்துக்கு, இடி இடித்தால் வரும் நடுக்கத்துக்கு? கேட்பதில் தவறில்லை. கேமரன் மலையில் நாய் வீட்டுக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் காவல். மருத்துவரிடம் கொண்டுபோவதென்றால் தூரமும் செலவும் இருக்கின்றன. ஆனால், ‘இயற்கையானதுதானே, கெடுதல் செய்யாது’ என்று பலர் சொல்லும் பதிலை அப்படியே ஏற்க முடியாது.

தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் பிழிந்து எடுப்பவை. வாசனை எண்ணெய் பெரும்பாலும் வடித்து எடுப்பது. செடியின் மேல் நீராவியைச் செலுத்தி, அதோடு எழும் மணச்சத்தைக் குளிரவைத்துப் பிரிக்கிறார்கள். ஏறத்தாழ 100 கிலோ லாவெண்டர் பூவிலிருந்து ஒரு கிலோ எண்ணெய் கிடைத்தால் நல்ல விளைச்சல். பூவாக இருந்தபோது தீங்கில்லாமல் இருந்த சத்து, புட்டிக்குள் வரும்போது பல மடங்கு செறிந்துவிடுகிறது. வேப்பிலை அரைத்துப் பூசிய பாட்டி வைத்தியத்தை இதற்குச் சாட்சியாக அழைப்பது பொருந்தாது.

நாயின் உடலும் நம் உடல் போன்றதல்ல. மனித மூக்கில் மணம் அறியும் உணர்விகள் சுமார் 50 லட்சம் என்றால், நாய்க்கு 10 கோடிக்கு மேல். நமக்கு இதமாக வரும் வாசனை அதற்கு மூச்சுமுட்டும் நெடியாக இருக்கலாம். அதைவிட முக்கியம் நாக்கு. நம் கையில் தடவியது தோலோடு போய்விடும். நாயின் முதுகில் தடவியது சிறிது நேரத்தில் வயிற்றுக்குள் இருக்கும். ஐந்து கிலோ எடையுள்ள குட்டி நாய்க்கு அந்த அளவு சின்ன விஷயமல்ல.

டீ ட்ரீ எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சுங்கை பாலாஸ் சரிவுகளில் பறிக்கும் தேயிலைக் கொழுந்துக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. இது ஆஸ்திரேலியாவில் வளரும் வேறொரு மரத்தின் இலையிலிருந்து வருவது. கிருமியைக் கொல்லும் என்ற பெயர் இதற்கு உண்டு. ஆய்வுக்கூடத் தட்டில் அது உண்மையும்கூட. அதை நம்பி நாயின் சொறிக்குத் தடவியவர்களின் கதை 2014இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வந்தது. அந்நாட்டின் விலங்கு நஞ்சு தகவல் மையத்துக்கு 2002 முதல் 2012 வரை வந்த அழைப்புகளை ஆராய்ந்தார்கள். எதுவும் கலக்காத டீ ட்ரீ எண்ணெய்க்கு ஆளானவை 337 நாய்கள், 106 பூனைகள். எச்சில் வடிதல், சோர்வு, தள்ளாட்டம், கால் வலுவிழத்தல், நடுக்கம் ஆகியவை சில மணி நேரத்தில் தொடங்கி, சிலவற்றில் மூன்று நாள் வரை நீடித்தன. என்னை மிகவும் வருத்தியது வேறொரு எண். இவற்றில் 89 விழுக்காட்டில் எண்ணெய் தவறிக் கொட்டியதல்ல. வளர்த்தவர்களே, தோல் நோய் குணமாகட்டும் என்று பாசத்தோடு போட்டது.

இது ஒரு எண்ணெயோடு முடிவதில்லை. புதினா இனத்தைச் சேர்ந்த பென்னிராயல் செடியின் எண்ணெயைத் தெள்ளுப்பூச்சிக்காகத் தடவி, ஈரல் கெட்டு ஒரு நாய் இறந்ததை 1992இல் அதே ஆய்விதழ் பதிவு செய்திருக்கிறது. நம் வீடுகளில் எப்போதும் இருக்கும் கோடாலித் தைலத்தையும் நீலகிரித் தைலத்தையும் இங்கே நினைக்க வேண்டும். மெந்தால், கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய், மெத்தில் சாலிசிலேட் போன்றவைதான் இத்தகைய தைலங்களின் உயிர். மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினின் உறவுப் பொருள். நாய் நக்கினால் வயிற்றைப் புண்ணாக்கும். கற்பூரமும் யூகலிப்டஸும் அளவு மீறினால் வலிப்பைத் தூண்டும். நம் நெற்றிக்கும் மூட்டுக்கும் உதவுவதை நாயின் காலில் தேய்க்காதீர்கள்.

அப்படியென்றால் நன்மையே கிடையாதா? உண்டு, ஓர் எல்லைக்குள். பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெபோரா வெல்ஸும் அவருடைய சகாக்களும் காப்பகத்து நாய்களைக் கவனித்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், லாவெண்டர், கமோமில் வாசனை இருந்த நேரத்தில் அவை கூடுதலாகப் படுத்து ஓய்ந்திருந்தன. ரோஸ்மேரியும் பெப்பர்மிண்டும் அவற்றைப் பரபரப்பாக்கின. அடுத்த ஆண்டு வெல்ஸ் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், காரில் ஏறியதும் துள்ளிக் குரைக்கும் நாய்கள் லாவெண்டர் மணத்தில் அமைதியாக இருந்தன. சிறிய ஆய்வுகள்தான், ஆனால் நேர்மையானவை. அவை காட்டியது காற்றில் கலந்த மெல்லிய மணம் மனத்தைச் சாந்தப்படுத்துவதை மட்டுமே. எந்த நோயும் அதில் குணமாகவில்லை.

மணம் சாந்தப்படுத்துவதை நோய் தீர்ப்பதாக எண்ணும் இடத்தில்தான் குழப்பம் நேர்கிறது. கேமரன் மலையின் ஈரத்தில் நாய்த் தோலில் பூஞ்சை வளர்வது எளிது. சொறிக்குச் சிற்றுண்ணி காரணமாக இருக்கலாம், பூஞ்சை இருக்கலாம், ஒவ்வாமை இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எது என்று தெரிய, தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். வாசனை எண்ணெய் நாற்றத்தை மறைக்கும், அதனால் நோய் போய்விட்டதாக நமக்குத் தோன்றும். உண்ணி விஷயத்தில் இது இன்னும் ஆபத்து. உண்ணியை விரட்டப் பூசும் சிட்ரோனெல்லாவின் வாசனை விரைவில் ஆவியாகிவிடும். உண்ணி வழியாக இரத்தத்தில் புகும் எர்லிக்கியா கிருமியைத் தோல்மேல் தடவிய எந்த எண்ணெயும் தொடாது. காய்ச்சல், சோறு தின்னாமை, மூக்கில் இரத்தம் என்று அது முற்றும்போது நாள்கள் கடந்திருக்கும். காதுக்குள் எண்ணெய் விடுவதும் வேண்டாம். செவிப்பறை கிழிந்திருந்தால் அது உட்காதுவரை இறங்கிக் கேட்கும் திறனையே கெடுக்கலாம்.

குளிருக்கு இரவில் சன்னல் சாத்துகிற ஊர் இது. அந்த அறையில் வாசனை பரப்பும் டிஃப்யூசரை விடியும்வரை ஓடவிட்டால், எண்ணெய்த் துளிகள் நாயின் உரோமத்தில் படிந்து நாக்குக்குப் போகும். பூனை இருக்கும் வீடு என்றால் இன்னும் கவனம் தேவை, அதன் ஈரலுக்கு இத்தகைய பொருள்களைச் சிதைக்கும் ஆற்றல் குறைவு. லாவெண்டர் மணம் வேண்டும் என்பவர்கள் கதவைத் திறந்து வைத்து, கொஞ்ச நேரம் மட்டும் ஓடவிட்டு, நாய் எழுந்து போக விரும்பினால் போகவிட வேண்டும். குட்டி, சினை நாய், வலிப்போ மூச்சிரைப்போ உள்ள நாய் இருக்கும் வீட்டில் அதுவும் வேண்டாம். நாய்க்கென்றே செய்த ஷாம்பு வேறு விஷயம், அதில் எண்ணெயின் அளவு மிகக் குறைவு. அதையும் மருத்துவரைக் கேட்டு வாங்குவது நல்லது.

தடவிவிட்டு, இப்போதுதான் இதைப் படிக்கிறீர்கள் என்றால், எண்ணெய் பட்ட இடத்தைப் பாத்திரம் கழுவும் திரவத்தால் நன்றாகக் கழுவித் துடையுங்கள். வெறும் தண்ணீர் எண்ணெயை அகற்றாது. நக்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரல் பழுதாகும். மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து என்ன எண்ணெய், எவ்வளவு, எப்போது என்று சொல்லுங்கள். மருத்துவரிடம் காட்ட சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு இறங்க வேண்டியிருந்தால் நாயை ஒரு துணியில் சுற்றி, உரோமத்தை நக்கவிடாமல் பிடித்துக்கொள்ள ஒருவர் கூட வரட்டும். புட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஒட்டியிருக்கும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்துத்தான் மருத்துவர் சிகிச்சையைத் தொடங்குவார்.