படிப்பு வராதவனுக்கா எந்திரம்?

பெற்றோர்களே! "கணக்கு வரவில்லை, ஐ.டி.ஐ.யில் தள்ளி விடலாம்" என்று எட்டாம் வகுப்பிலேயே பிள்ளைக்குத் தீர்ப்பு எழுதி விடுகிறோம். இது சரிதானா?

டர்னர், மெஷினிஸ்ட் ஆகிய இரண்டு வருடப் பயிற்சிகளில் சேர, கணிதமும் அறிவியலும் படித்து 10-ஆம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். காரணம் இருக்கிறது. 50 மி.மீ. நீளத்திற்குள் விட்டம் 40 மி.மீ.யிலிருந்து 30 மி.மீ.யாகக் குறையும்படி சரிவாகக் கடைய வேண்டும். லேத்தில் எத்தனை டிகிரி திருப்பி வைப்பது? பள்ளியில் படித்த முக்கோணவியலின் 'டேன்'தான் 5 டிகிரி 43 நிமிடம் என்று விடை சொல்லும். மைக்ரோமீட்டரில் 0.01 மி.மீ. பார்க்கத் தசமம் தெரிய வேண்டும். சி.என்.சி. எந்திரத்திற்கோ கிராப் தாளில் குறித்த அச்சுத் தூரங்களே மொழி.

இந்த அடிப்படை இல்லாதவன் பொருளை மாட்டிக் கழற்றும் ஹெல்பராகவே நின்று விடுகிறான். விசா எடுத்து வளைகுடா போனாலும் அங்கும் ஹெல்பர்தான்! அடிப்படை உள்ளவனுக்கோ, ஐ.டி.ஐ. முடித்ததும் பாலிடெக்னிக் இரண்டாமாண்டில் நேரடியாகச் சேர வழியுண்டு. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, உதவித்தொகை பெற்றுக் கொண்டே தொழிற்சாலையில் பழகவும் வழியுண்டு.

ஜமாஅத் நிர்வாகிகளே! அதிக மதிப்பெண் பெற்றவர்களுக்கு ஆண்டுதோறும் விழா எடுத்துப் பரிசளிக்கிறீர்கள், நல்லதுதான். அந்தச் செலவில் ஒரு பகுதியை, கணக்கில் பின்தங்கிய எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் மாலை வகுப்புக்கு ஒதுக்கக் கூடாதா?

சிந்திப்போம்! செயல்படுவோம்!