சல்லடை அல்ல, சவுக்குத் தோப்பு

பூந்தமல்லிப் பக்கம் மெட்ரோ தூண்கள் எழுந்த ஆண்டுகளில், காலையில் துடைத்த டிவி மேல் மாலையில் விரலால் கோலம் போடலாம். அம்பத்தூர்க்காரர்களுக்குத் தூசி புதிதல்ல. 1964-லிருந்து தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது. ஆனாலும் வேக்குவம் கிளீனர் பேச்சு வந்தால் ஒரே தீர்ப்புதான்: "பை என்ன பை? அதுவும் ஒரு சல்லடை. முடியும் குப்பையும் தங்கும். மாவு மாதிரித் தூசி பின்பக்கமாக வந்து மறுபடி வீட்டிலேயே படியும்."

சல்லடை என்ற வார்த்தையிலேயே வாதம் சறுக்குகிறது. இன்றைய செயற்கை இழைப் பைகளில் வடிகட்டுவது நெய்த துணி அல்ல. உருக்கிய பாலிபுரோப்பிலீனைச் சூடான காற்றால் ஊதி இழுத்த, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகளின் சிக்கல். இழைகளுக்கு நடுவே உள்ள சந்துகள், அங்கே மாட்டும் நுண்தூசியைவிட அகலமானவை. சல்லடைக் கணக்குப்படி அத்தனையும் தப்பியிருக்க வேண்டும்.

தப்பாததற்குக் காரணம், இது சவுக்குத் தோப்பு. காற்று மரங்களைச் சுற்றி வளைந்து போகும். கனத்த துகளால் வளைய முடியாது; நேரே மோதி ஒட்டிக்கொள்ளும். நடுத்தரத் துகள் வளைவோடு போனாலும் ஓரம் உரசிச் சிக்கும். 0.1 மைக்ரானுக்கும் சிறிய பொடியைக் காற்றின் மூலக்கூறுகள் இடித்து இடித்துத் தள்ளாட வைக்கும். ஐன்ஸ்டைன் 1905-ல் கணக்குப் போட்டு விளக்கிய பிரௌனியன் அசைவு இது. தள்ளாடுகிறவன் தோப்பில் எந்த மரத்திலும் மோதாமல் வெளியே வருவானா?

ஆக, "சின்னதுதான் தப்பும்" என்பதும் நிற்காது. நழுவுவதில் கெட்டிக்காரன் 0.3 மைக்ரான் வட்டாரத்துத் துகள். மோதும் அளவுக்குக் கனமும் இல்லை, தள்ளாடும் அளவுக்கு லேசும் இல்லை. ஹெப்பா வடிகட்டி 99.97 சதவீதம் பிடிக்க வேண்டும் என்ற விதி அந்த அளவுக்குத்தான். சாதாரணப் பை அந்தத் தரத்தை எட்டாது. வித்தை மட்டும் ஒன்றே.

"துவைத்துப் போட்டால் புதுசு" என்பார்கள். பல பைகளின் இழைகளில், என்95 முகக்கவசத்தில் இருப்பதுபோல, மின்னூட்டம் ஏற்றியிருக்கும். சோப்புத் தண்ணீரில் அது போய்விடும்.

பழைய துணிப் பையை வைத்துக் குறை சொன்னால் பாதி ஒப்புக்கொள்ளலாம். நெய்த நூல்களுக்கு நடுவே நுண்தூசி புகும். உள்பக்கம் தூசிப் படலம் படிந்த பிறகே அது நன்றாகப் பிடிக்கும். தொழிற்சாலைகளின் துணிப்பை வடிகட்டிகள் நம்பியிருப்பதே அந்தப் படலத்தை. அதையும் தட்டித் துவைத்து எடுத்துவிட்டு, பை சரியில்லை என்றால் எப்படி?

பையே வேண்டாம் என்று 5,127 மாதிரிகள் செய்து பார்த்த ஜேம்ஸ் டைசனின் புகாரைக் கவனிக்க வேண்டும். தூசி வெளியேறுகிறது என்பதல்ல அது. பை அடைத்துக்கொண்டு இழுவை குறைகிறது என்பதே. சுழற்காற்றில் தூசியைப் பிரிக்கும் அவருடைய இயந்திரத்திலும் கடைசியில் ஒரு வடிகட்டி உண்டு.

தூசி நிஜமாகவே வெளியேறும் இடம் பெரும்பாலும் பையின் கழுத்து: சரியாக உட்காராத அட்டை, காய்ந்துபோன ரப்பர் வளையம். 1901-ல், வேக்குவம் கிளீனரை உருவாக்கிய ஹியூபர்ட் செசில் பூத் கைக்குட்டையை நாற்காலி மேல் விரித்து வாயால் உறிஞ்சிப் பார்த்தார். அடிப்பக்கம் அழுக்கு ஒட்டியிருந்தது. அதேபோல அம்பத்தூரில் யார் வேண்டுமானாலும் வெள்ளைக் கைக்குட்டையைக் காற்று வெளியேறும் துவாரத்தில் சிறிது நேரம் பிடித்துப் பார்க்கலாம். சாம்பல் நிறம் ஏறினால் முதலில் ரப்பர் வளையம். கன்னங்கரேல் என்று மைபோல ஒட்டினால், அது மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்த பொடியாகவும் இருக்கலாம்.