தங்கூசியே போதும், தம்பிமாரே

லீவு நெருங்குகிறது. பசறை, மொனராகலை, சியம்பலாண்டுவ என்று மலையிறங்கி பொத்துவில், அறுகம்பே, பாணமைக் கரைகளுக்குப் போகிற வேன்களில் இந்த முறையும் நம்முடைய பிள்ளைகள் இருப்பார்கள். கூரையில் தூண்டில் தடிகளும் கட்டியிருக்கும். "சேர், எந்த நூல் வாங்கலாம்?" என்று இந்த ஒரு கிழமைக்குள் ஆறு பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட இங்கேயே எழுதிவிடுவோம் என்று நினைத்தோம். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

நாங்கள் என்று சொல்வது ஆசிரியர்கள் இரண்டு பேர், பஸாரில் கடை வைத்திருக்கும் நானா ஒருவர், தோட்டத்துத் தம்பிமார் நாலைந்து பேர். பல வருடமாகச் சேர்ந்து போகிறோம். கடலோரத்தில் பிறந்தவர்கள் இல்லை. மலைக்காரர்கள். அதனால்தான் நாங்கள் விட்ட பிழையை மற்ற மலைக்காரர்களும் விடக்கூடாது என்று நினைக்கிறோம்.

போன வருடம் எங்களோடு வந்த தம்பி ஒருவர், யூடியூப்பில் பார்த்து, பிரெய்ட் என்கிற பின்னல் நூலை வாங்கி ரீல் நிறையச் சுற்றிக்கொண்டு வந்தார். நல்ல நூல்தான். விலையும் நல்ல விலை. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தை வைத்துப் பார்த்தால், பல நாள் பேர் அந்த ஒரு உருளைக்குள் போயிருக்கும். பின்னேரம் கல்லில் ஈயம் மாட்டிக்கொண்டது. நம்மவர்கள் செய்கிற மாதிரியே நூலைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய அலை திரும்பிப் போனது. தையல் நூல் போல மெல்லிய அந்தப் பின்னல் இரண்டு விரலிலும் இறங்கிவிட்டது. அறுந்து தொலைக்கவும் இல்லை. அந்த நூல் அறாது என்பதுதானே அதன் பெருமை! பக்கத்தில் நின்றவர் கத்தியால் வெட்டிவிட்டார். அவரிடம் கத்தி இருந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைக்கப் பயமாக இருக்கிறது. அந்தத் தம்பி தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர். தையல் போட்ட விரலோடு மூன்று கிழமை கத்தி பிடிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் நாங்கள் இந்த விசயத்தைக் கொஞ்சம் உட்கார்ந்து யோசித்தோம். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மணற்கரையில் நின்று, உடைகிற அலைக்கு அப்பால் இரை எறிந்து காத்திருக்கிற மீன்பிடிக்கு, நம் அப்பாமார் காலத்துத் தங்கூசிதான் சரியான நூல். காசு மிச்சம் என்பதற்காகச் சொல்லவில்லை. காசு இருக்கிறவர்களும் அதையே வாங்க வேண்டும் என்றுதான் சொல்கிறோம்.

ஏன்? தங்கூசி என்பது நைலோன் ஒற்றை இழை. அது இழுபடும். அறுவதற்கு முன் தன் நீளத்தில் கால்வாசி வரைக்கும்கூட நீண்டு கொடுக்கும். கரையில் நிற்கிற நமக்கும் கடலில் கிடக்கிற ஈயத்துக்கும் நடுவில் ஓயாமல் அலை வந்து போகிறது. ஒவ்வோர் அலையும் நூலைத் தூக்கி இழுக்கும். தங்கூசி அந்த இழுவையைத் தன் நீட்சியில் வாங்கிக்கொள்ளும். ஈயம் மணலில் கிடக்கும், இரை ஆறுதலாகக் கிடக்கும். பிரெய்ட் நீளவே நீளாது. அலை ஆடினால் ஈயமும் ஆடும், இரையும் குதிக்கும். இறாலையோ கணவாய்த் துண்டையோ முள்ளில் கோர்த்துப் போட்டிருந்தால் மெதுவாகப் பிய்ந்து போய்விடும். மீன் கடித்த பிறகும் இதே கதைதான். கரைக்குக் கிட்ட வந்த பெரிய பாரை, அலையோடு சேர்ந்து திடீரென்று திரும்பி ஓடும்போது, இழுபடுகிற நூல் நம் பிழையை மன்னிக்கும். இழுபடாத நூலில் முள் மீனின் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

பிரெய்ட்டைக் குறைசொல்வது எங்கள் நோக்கமில்லை. அது பொலித்தீன் குடும்பத்து நார்களைப் பின்னிச் செய்தது. அதே பலத்துக்கு நைலோனை விட எவ்வளவோ மெல்லியது. தூரம் போகும். சின்னக் கடியும் விரலுக்குத் தெரியும். களப்பில் படகில் நின்று செயற்கை மீனை எறிந்து இழுக்கிறவர்களுக்கு அதுதான் வசதி. நீரோட்டம் இழுக்கிற இடத்தில் மெல்லிய நூலைத் தண்ணீர் குறைவாகத்தான் தள்ளும் என்பதும் உண்மை. ஆனால் மணலிலும் கல்லிலும் உரசினால் அந்த மெல்லிய நார்கள் ஒவ்வொன்றாகப் பிரியும். வெளியில் தெரியாது. அடுத்த எறிதலில் தெரியும்.

சரி, தங்கூசி என்றால் எந்தத் தடிப்பு? இங்கேதான் நம்மவர்கள் எதிர்ப்பக்கத்தில் பிழை விடுகிறார்கள். "பெரிய மீன் வரும் சேர்" என்று கடையில் இருக்கிற மிகத் தடித்த நூலை வாங்கி வருவார்கள். ஒரு கணக்குச் செய்து பாருங்கள் (கணித ஆசிரியர் எங்களில் ஒருவர், விடமாட்டார்). 0.35 மில்லிமீற்றர் நூலை விட்டு 0.50க்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். பலம் நூலின் குறுக்குவெட்டுப் பரப்போடு கூடும், அதனால் இரட்டிப்பாகிறது. சந்தோசம். ஆனால் 200 மீற்றர் பிடித்த அதே ரீல் இப்போது 98 மீற்றர்தான் பிடிக்கும். நீரோட்டம் நூலைத் தள்ளுவது கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகும். நூல் விறைத்துப் போய் ரீலை விட்டுச் சுருள் சுருளாகக் கழன்று வரும். எறிகிற தூரம் குறையும். அலைக்கு அப்பால் போக வேண்டிய இரை அலை உடைகிற நுரைக்குள்ளேயே விழும். அங்கே மீன் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு இவ்வளவு தடித்த நூல் எதற்கு?

எங்கள் அனுபவத்தில் பொத்துவில் பக்கத்து மணற்கரைக்கு 0.35 மில்லிமீற்றர், 15 முதல் 20 இறாத்தல் என்று எழுதியிருப்பது போதும். ரீலின் பிரேக்கைச் சரியாக இளக்கி வைத்திருந்தால் அதிலேயே பெரிய மீனும் வரும். கல்லு நிறைந்த இடமென்றால் 0.40. கைத்தூண்டில் போடுகிறவர்கள் மட்டும் தடித்ததை வாங்குங்கள். அது பலத்துக்காக இல்லை, கையை வெட்டாமல் இருக்க.

இனிச் சொல்லப்போவதை மட்டுமாவது எல்லோரும் வாசியுங்கள். மற்றதை விட்டாலும் பரவாயில்லை.

மெல்லிய நூலின் நுனியில் நேராக ஈயத்தைக் கட்டி எறியாதீர்கள். நாலு அவுன்ஸ் ஈயம் என்பது 113 கிராம். கையில் வைத்தால் பாரமே இல்லை. தடியை வளைத்து வீசுகிற கணத்தில் அது நூலை இழுக்கிற இழுவை அதன் நிறையைப் போலப் பல மடங்கு. நூல் அந்த இடத்தில் அறுந்தால் ஈயம் துப்பாக்கிச் சன்னம் மாதிரிப் போகும். லீவுக் காலத்தில் கரை முழுக்கக் குளிக்கிற குடும்பங்கள். இரண்டு வருடத்துக்கு முன் எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி நின்ற ஒருவருடைய ஈயம் அறுந்து, குளித்துக்கொண்டிருந்த சின்னப் பிள்ளைகளின் தலைக்கு மேலால் போய்க் கடலில் விழுந்தது. பிள்ளைகளுக்குத் தெரியவும் இல்லை. நாங்கள்தான் அன்று முழுக்க வாயடைத்துப் போயிருந்தோம்.

இதற்கு வழி இருக்கிறது. நூலின் நுனியில் தடித்த தங்கூசி ஒரு துண்டு கட்ட வேண்டும். உலகம் முழுக்கக் கரையில் நின்று எறிகிறவர்கள் வைத்திருக்கிற கணக்கு, ஒரு அவுன்ஸ் ஈயத்துக்கு 10 இறாத்தல். நாலு அவுன்ஸுக்கு 40, ஐந்துக்கு 50. நீளம், தடியைப் போல இரண்டு மடங்கும், அதற்கு மேல் ரீலில் ஐந்தாறு சுற்றும். 12 அடித் தடி என்றால் எட்டு ஒன்பது மீற்றர் வரும். எறிகிற பாரம் முழுவதையும் அந்தத் துண்டு தாங்கும். கல்லில் உரசுவதையும் அதுதான் தாங்கும். எஞ்சிய மெல்லிய நூல் தூரத்துக்கு. பிரெய்ட் வாங்கிக் காசு போய்விட்டது, எறியத்தான் போகிறேன் என்கிற தம்பிமாரும் இந்தத் துண்டைக் கட்டாமல் தயவுசெய்து எறியாதீர்கள்.

முடிச்சை இறுக்குவதற்கு முன் எச்சிலால் நனையுங்கள். காய்ந்த நைலோன் உராய்ந்து சூடாகி அந்த இடத்திலேயே பலம் போய்விடும்.

கடையில் வாங்கும்போது வெயில் படுகிற கண்ணாடிப் பெட்டியில் மாதக்கணக்காகக் கிடந்த உருளையை எடுக்காதீர்கள். நைலோனுக்கு வெயில் எதிரி. உள்ளே பெட்டியில் இருப்பதைக் கேளுங்கள். உருளையில் எழுதியிருக்கிற இறாத்தலையும் அப்படியே நம்பாதீர்கள். ஒரு வாளி போதும், சோதிக்கலாம். நூலை ஓர் இரவு தண்ணீரில் ஊறப் போடுங்கள். ஏனென்றால் நனைந்த நைலோன் கொஞ்சம் பலம் குறையும், கடலில் அது நனைந்துதான் இருக்கும். பிறகு வாளியில் கட்டித் தூக்கி, லீற்றர் லீற்றராகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு லீற்றர் ஒரு கிலோ, அதாவது 2.2 இறாத்தல். முடிச்சில் கொஞ்சம் பலம் போவதையும் சேர்த்துப் பார்த்தால், 15 இறாத்தல் என்று எழுதியது 5 லீற்றரையாவது தாங்க வேண்டும். தாங்காமல் முடிச்சில் அறுந்தால் பிழை உங்கள் முடிச்சில். நடுவில் அறுந்தால் பிழை நூலில். கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள், சண்டை பிடிக்க வேண்டாம்.

"சேர், தங்கூசி தடை என்கிறார்களே?" என்று ஒரு பிள்ளை கேட்டார். நல்ல கேள்வி. நம் நாட்டில் தடை செய்யப்பட்டது தங்கூசி வலை. தூண்டில் நூலுக்குத் தடை இல்லை.

அங்கேயும் ஒரு விசயம் இருக்கிறது. வலையோ நூலோ, கடலில் விட்டுவந்தால் நைலோன் உக்காது. நாம் இரண்டு நாள் போய் வருகிற கரை, அங்கே இருப்பவர்களுக்குத் தொழில் செய்கிற இடம். விடிய எழும்பிப் பாருங்கள், கரைவலையை இரண்டு பக்கமும் வரிசையாக நின்று வெறுங்கையால் இழுப்பார்கள். நாம் முந்தின இரவு கல்லில் அறுத்துவிட்டு வந்த முள்ளும் நூலும் அந்த வலையோடுதான் வரும். அந்த வரிசையில் நின்ற ஒரு பெரியவர் உள்ளங்கையைக் காட்டி, "இது உங்கட ஆக்கள்ர முள்ளுதான் மகன்" என்று எங்களிடம் சொன்னார். கோபத்தோடு சொல்லவில்லை. பிறகு எங்களுக்குச் சூடை மீனும் கொஞ்சம் தந்துவிட்டார். வேனில் ஏறும் வரைக்கும் நாங்கள் யாரும் பேசவில்லை. அதே கரையில் முட்டையிட ஏறிவரும் ஆமைகளுக்கும் இந்த நூல்தான் கால்விலங்கு.

அதனால் மாட்டிக்கொண்ட நூலைக் கையில் சுற்றாமல் ஒரு தடித்த கம்பில் சுற்றி, கடலுக்கு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாக நடந்து இழுங்கள். தங்கூசி என்றால் மெல்லிய இடத்தில் அறும், முடிந்த அளவு நூல் கைக்கு வரும். சிக்கலாகிய துண்டுகளை மணலில் புதைக்காமல் ஒரு போத்தலுக்குள் திணித்து வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். இடுப்பில் ஒரு கத்தி, அது இல்லாவிட்டால் நகவெட்டியாவது, எப்போதும் இருக்கட்டும். திரும்பி வந்த பிறகு ரீலை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் வையுங்கள். ஒவ்வொரு வருடமும் நூலை மாற்றுங்கள். தங்கூசி என்பதால் மாற்ற முடியும். பிரெய்ட்டின் விலைக்கு யார் மாற்றுவார்கள்?

ஃபுளோரோகார்பன் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். தண்ணீரில் கண்ணுக்குத் தெரிவது குறைவு, உரசலையும் தாங்கும் என்பார்கள். நுரையும் மணலும் கலங்கிய கரைக் கடலில் மீன் நூலைப் பார்த்துப் பயப்படுகிறது என்று எங்களுக்குத் தோன்றவில்லை. நூலின் நிறமும் அப்படித்தான். மஃரிபுக்குப் பிறகு எறிகிறவர்கள் நமக்குத் தெரிகிற மஞ்சளை வாங்கினால் பக்கத்தில் நிற்பவரின் நூலோடு சிக்காமல் இருக்கும். அவ்வளவுதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மைதானத்தில் வாளியோடு நிற்போம். வாங்கிய நூலைக் கொண்டுவாருங்கள், சோதித்துப் பார்ப்போம். முன்துண்டு கட்டுகிற முடிச்சைப் போன வருடம் விரலில் தையல் போட்ட தம்பி காட்டித் தருவார். எங்கள் எல்லோரையும் விட இப்போது அவர்தான் நன்றாகக் கட்டுகிறார்.