எங்கள் அப்பன்கள் எங்கே செத்தார்கள்?

ஆவடி என்றதும் என்ன ஞாபகம் வருகிறது? 1955 காங்கிரஸ் மாநாடு, நேரு, சோசலிச பாணி சமுதாயம். அப்புறம் டாங்கி ஃபாக்டரி. ஊரின் பெயரே ராணுவ வண்டி டிப்போவின் ஆங்கிலச் சுருக்கம்தான் என்று சத்தியம் செய்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். டாங்கி வருவதற்கு முன்னால், மாநாட்டுப் பந்தல் போடுவதற்கு முன்னால், இங்கே வேறொரு டிப்போ இருந்தது. மலேயா ரப்பர் தோட்டங்களுக்குக் கூலிகளை அனுப்பிவைக்கிற முகாம். ஒன்று ஆவடியில், இன்னொன்று நாகப்பட்டினத்தை ஒட்டிய பாப்பாகோயிலில். கங்காணி சேரி சேரியாய்ப் போய் ஆசை காட்டி ஆளைத் திரட்டி வருவான். முகாமில் உடம்பைச் சோதித்துப் பார்த்துக் கப்பலேற்றுவார்கள். 1938 ஜூனில் இந்திய அரசு தடை போடும்வரை இது நடந்தது.

போனவர்களில் கணிசமானவர்கள் பறையர், பள்ளர், அருந்ததியர். பண்ணையாரின் சாட்டையிலிருந்து தப்பித்தால் போதும் என்று போன சனம். அங்கே போயும் ஆதிதிராவிடருக்குத் தனி லயம் கட்டிக் கொடுத்த தோட்டங்கள் உண்டு என்பதை மலேயாத் தமிழர் பெருமை பேசுகிறவர்கள் சொல்ல மாட்டார்கள்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் விழுந்து, மலேயா முழுக்க ஜப்பான்காரன் கையில் போனது. துரைமார் சிறைக்குப் போனார்கள். ரப்பர் வாங்க ஆளில்லை, தோட்டத்தில் அரிசி இல்லை. தாய்லாந்தின் பான்பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஜப்பான் ராணுவத்துக்கு ஆள் தேவைப்பட்டது. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று முதலில் ஆசை காட்டினார்கள். அப்புறம் ஆள்பிடிப்பு. படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு லாரியில் அடைத்தார்கள் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 1943இல் மழையும் காலராவும் சேர்ந்து வந்தன. செத்தவனையும் சாகக் கிடந்தவனையும் சேர்த்துக் கொளுத்தினார்கள் என்று தப்பி வந்தவர்கள் சொன்னார்கள். அந்த அக்டோபரில் பாதை முடிந்தது.

இனி கணக்கைப் பாருங்கள். இந்தப் பாதையில் வேலை செய்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். செத்தவர்கள் 12,000க்கு மேல். 1945இல் போர் முடிந்த கையோடு ஒரு குழு பாதை நெடுகப் போய்க் காட்டுக்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தேடிக் கண்டுபிடித்தது. கைதிகளின் அதிகாரிகளே முகாமுக்குள் ஒளித்து ஒளித்துச் சாவுப் பட்டியல் எழுதி வைத்திருந்ததால் அது முடிந்தது. இன்று காஞ்சனபுரியில் வெட்டிவிட்ட புல்தரையில் 7,000 பேருக்குக் கிட்டத்தட்ட வரிசையாய்க் கல், கல்லில் பெயர், வயது, படைப்பிரிவு. அவர்கள் பிள்ளைகள் பூ வைக்கிறார்கள். வைக்கட்டும். அப்பனைப் பறிகொடுத்த பிள்ளைக்கு அது நியாயம்தான்.

ஆசியக் கூலிகள்? இரண்டு லட்சம் பேர் இருக்கலாம். செத்தவர்கள் எழுபதாயிரம் என்று ஒருத்தர், தொண்ணூறாயிரம் என்று ஒருத்தர், லட்சத்துக்கு மேல் என்று இன்னொருத்தர். தமிழன், பர்மாக்காரன், ஜாவாக்காரன், மலாய்க்காரன், சீனன் எல்லாரும் அந்த 'இருக்கலாம்'க்குள் கிடக்கிறார்கள். கணக்கில் முப்பதாயிரம் பேர் கூடக் குறைய இருந்தாலும் எந்த அரசுக்கும் உறுத்தவில்லை. 1990இல் காஞ்சனபுரியில் ஒரு வயலைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வந்தன. அதில் ஒன்றுக்குக்கூடப் பெயர் கிடையாது. கடல் கடந்து போன ஒப்பந்தக் கூலியின் சீட்டில் சாதிக்கென்று தனிக் கட்டம் போட்டு எழுதத் தெரிந்த வெள்ளைக்காரனுக்கு, அந்தக் கூலியின் மகன் தலைமுறை சாகும்போது பெயரை எழுதி வாங்கத் தோன்றவில்லை.

பட்டாபிராம் பக்கத்துக் காலனியில் ஓர் ஆயா இருக்கிறது. வயது எண்பத்தெட்டு இருக்கும். அது வயிற்றில் இருக்கும்போது அதோட நைனா ஆவடி டிப்போ வழியாகப் போனவர். யுத்தம் வரும்வரை மணியார்டர் வந்தது, அப்புறம் நின்றுபோனது. யுத்தம் முடிந்து திரும்பி வந்த ஒருவர், "சயாமுக்கு இட்டுனு பூட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். "எங்கம்மா தாலிய அறுக்கறதா வச்சிக்கறதான்னு தெரியாமலே கெழவி ஆயிட்ச்சி கண்ணு" என்கிறது ஆயா. விதவைப் பென்ஷன் கேட்டு ஓர் ஆபீசுக்குப் போனால் இறப்புச் சர்ட்டிபிகேட் கொண்டா என்றார்களாம். சயாம் காட்டில் காலராவில் போனவனுக்கு எந்த வி.ஏ.ஓ. கையெழுத்துப் போடுவான்? ஆயா என்னிடம் நஷ்டஈடு கேட்கவில்லை. "எந்த ஊர்ல, எந்த மாசம், மண்ணு போட்டாங்களா கொளுத்துனாங்களா, அத்த மட்டும் கேட்டுச் சொல்லு" என்றது.

கேட்பது யாரிடம்? ஜப்பான்காரன் போட்ட பாதையைப் போருக்குப் பின் தாய்லாந்துக்கு 12.5 லட்சம் பவுனுக்கு விற்றது பிரிட்டன். அதன் போர்க்கைதிகளுக்கு ஜப்பான் சொத்திலிருந்து ஆளுக்கு 76 பவுன் கிடைத்தது. 2000ஆம் ஆண்டில் உயிரோடிருந்தவர்களுக்கும் கைம்பெண்களுக்கும் பிரிட்டிஷ் அரசே 10,000 பவுன் தந்தது. 1967இல் மலேசியா ஜப்பானோடு 2.5 கோடி வெள்ளிக்கு ஒப்பந்தம் போட்டுக் கப்பல் வாங்கிக்கொண்டது. தோட்டத்து லயம்வரை அது வரவில்லை. இந்தியா? 1952 ஜூனில் ஜப்பானோடு தனியாகச் சமாதான உடன்படிக்கை செய்து, நஷ்டஈடு எதுவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது. பெருந்தன்மை என்று இன்றைக்கும் பாடப்புத்தகப் பாணியில் சிலாகிக்கிறார்கள். ஐயா, செத்தவன் எங்கள் அப்பன். மன்னிக்கும் உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தது? பட்டியலையாவது வாங்கிக்கொண்டு மன்னித்திருக்கலாமே!

இந்த மௌனத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜப்பான் நேதாஜியின் கூட்டாளி. இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவனுக்குத் தியாகி பென்ஷன். அந்தக் கூட்டாளியின் தண்டவாளத்துக்கு அடியில் போனவனைப் பற்றிப் பேசினால் தேசியக் கதையாடலில் ஓட்டை விழும். ரயிலுக்குப் பயந்தே அந்தப் படையில் சேர்ந்த தோட்டத் தொழிலாளிகளும் உண்டு என்பதைச் சேர்த்தால் ஓட்டை இன்னும் பெரிசாகும். க்வாய் நதிப் பாலம் பற்றி 1957இல் உலகமே பார்த்த சினிமாவை இலங்கையில்தான் எடுத்தார்கள். அதிலும் கதை முழுக்க வெள்ளைக்காரன் பட்ட பாடுதான்.

தமிழ்த் தேசியர்கள் இப்போது விழித்துக்கொண்டிருக்கிறார்கள். 2023இல் காஞ்சனபுரியில் நடுகல் நட்டார்கள். நல்லது, வரவேற்போம். மலேசியாவில் ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் முன்பே நாவல்களாக எழுதியும் வைத்தார்கள். ஆனால் நடுகல் என்பது ஆளின் பெயரைச் சொல்கிற கல். ஒட்டுமொத்தமாய்த் 'தமிழர்' என்று ஒரே சொல்லில் மூடிவிட்டால், எந்தச் சேரியிலிருந்து, எந்தப் பண்ணைக்குப் பயந்து, எந்தக் கங்காணி கையில் சிக்கிப் போனான் என்பது மறுபடி புதைந்துபோகும். சேரிக்காரனை ஊருக்குள் விடாதவன், அவன் செத்த பிறகு மட்டும் அவனைத் தமிழன் ஆக்கிப் பெருமைப்படுவதற்கு நாம் ஒப்ப முடியாது.

தேட வழியே இல்லாமல் இல்லை, தோழர்களே. 1922 குடியேற்றச் சட்டப்படி சென்னையிலும் நாகையிலும் அதிகாரி வைத்து ஆள் அனுப்பினார்கள். காகிதம் இல்லாமல் கூலி கப்பலேறவில்லை. தோட்டத்தில் தினமும் பெரட்டு எடுத்தார்கள், பெயர் எழுதித்தான் சம்பளம் போட்டார்கள். கம்பெனிகள் லண்டனில் இருந்தன. எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும், கோலாலம்பூரிலும், லண்டனிலும் மிஞ்சியிருப்பதைத் தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறை ஆள் போட்டுத் தேடட்டும். 1938க்கு முன் போனவனின் பெயரை 1945க்குப் பின் இருந்தவனின் பெயரோடு ஒப்பிட்டால் யார் திரும்பவில்லை என்பதில் ஒரு பகுதியாவது தெரியவரும். பி.எச்.டி. தலைப்பு கிடைக்கவில்லை என்று அலைகிற நம் மாணவர்கள் இதை எடுக்கட்டும்.

அதற்கு முன் ஒரு வேலை. ஆவடி, திருநின்றவூர், பூந்தமல்லிப் பக்கம் ஒவ்வொரு காலனியிலும் எண்பத்தைந்து தாண்டியவர்கள் ஒன்றிரண்டு பேர்தான் மிச்சம். ஆள் பெயர், அப்பன் பெயர், ஊர், போன வருஷம், கங்காணி பெயர், தோட்டத்தின் பெயர், கடைசியாக வந்த கடிதம். இந்த ஏழையும் இந்த வருஷத்துக்குள் எழுதி வாங்க வேண்டும். அடுத்த வருஷம் அவர்கள் இருப்பார்களா என்று தெரியாது.