விடுபட்ட கட்டம்

ஏரித் தண்ணி இருக்கா, நெடுஞ்சாலை எவ்வளவு தூரம், சென்ட் என்ன விலை? இவற்றைக் கட்டங்களாக்கி, அம்புக்குறியால் இணைத்து, ஒரு நிலம் வயலாக நிற்குமா ஆலையாகுமா என்று நிகழ்தகவு சொல்கிறது 'பேய்சியன் வலைப்பின்னல்'. 1980களில் ஜூடியா பேர்ல் வளர்த்தெடுத்த கணக்குமுறை. நல்ல கருவிதான். ஆனால் கட்டத்தை வரைவது யார்?

பென்னலூருக்குக் கணக்குப் போடுகிறவர், பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தி தொடங்கியதை வரைவார். இவ்வூரையும் உள்ளடக்கிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையையும், 1892இல் நம்ம சனங்களுக்கென வந்த பஞ்சமி நில ஆணையையும் வரைவாரா? பத்து வருஷம் விற்கக் கூடாது, அப்புறமும் பிற சாதியாருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்தக் கட்டம் இல்லையென்றால், பறிபோன நிலமும் 'விரும்பி விற்றது' என்றே கணக்கில் ஏறும். நேற்றைய பறிப்பு நாளைய நிகழ்தகவாகும்.

1994 அக்டோபர் 10 அன்று, காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தில், செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தது இந்த விடுபட்ட கட்டத்துக்காகத்தான்.

மாணவத் தோழர்களே, கணக்கை அவசியம் படியுங்க. யாருக்கு ஒதுக்கின நிலம், பட்டா யார் பேரில், எப்ப மாறிச்சு என்பதை முதல் கட்டமா வையுங்க. 'விற்பாரா?' என்பதற்கு முன்னால் 'வாங்கினவனுக்கு உரிமை உண்டா?' என்று கேளுங்க.