பிரஜாவுரிமையின் வாசலில் ஒரு மொழிப் பரீட்சை

செட்டிபாளையத்தில் பிறந்தவர் அவர். 1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. இன்று சுவிற்சர்லாந்தில் உணவகமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறார். இருபது வருடங்களாக வரி செலுத்துகிறார். பிள்ளைகள் ஜேர்மன் மொழியில் படித்து அந்நாட்டுப் பிரஜைகளாகிவிட்டார்கள். தாய் மட்டும் இன்னும் வதிவிட அனுமதியோடு இருக்கிறார். அங்கே வாக்களிக்க அவருக்கு உரிமை இல்லை.

"கதைப்பா. ஆனா எழுத்துச் சோதனை எண்டாலே கை நடுங்குது எண்டு சொல்லுறா அக்கா" என்றார் ஊரிலிருக்கும் தங்கை.

சுவிஸில் 2018 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி, பிரஜாவுரிமை கோருபவர் அந்நாட்டுத் தேசிய மொழியொன்றில் பேச்சில் பி1, எழுத்தில் ஏ2 தரத்தைக் காட்ட வேண்டும். பிரான்ஸ் 2026 ஜனவரி முதல் பி1 இலிருந்து பி2 இற்கு உயர்த்தியுள்ளது. கனடாவோ மொழித் தகைமையில் பேசுவதையும் கேட்டு விளங்குவதையும் மட்டுமே பார்க்கிறது. 2017 முதல் 55 வயதைத் தாண்டியவர்களிடம் அதையும் கேட்பதில்லை.

வாழும் நாட்டின் மொழி தேவையில்லை என்று யாரும் வாதிட முடியாது. வைத்தியரிடம் நோயைச் சொல்லப் பிள்ளையை அழைத்துச் செல்லும் நிலை எந்தத் தாய்க்கும் கௌரவமல்ல. ஆனால் எழுத்துப் பரீட்சை மொழியை மட்டும் அளப்பதில்லை. பாடசாலைக்குப் போகக் கிடைத்ததா என்பதையும் சேர்த்தே அளக்கிறது. யுத்தம் பறித்த கல்விக்கு, புகலிடத்திலும் புள்ளி குறைகிறது.

மொழிப் பரீட்சை நமக்குப் புதிதல்ல. 1956 இன் தனிச் சிங்களச் சட்டத்தின் பின், சிங்களத் தேர்ச்சி இல்லையென்று தமிழ் உத்தியோகத்தர்களின் சம்பள உயர்வும் பதவி உயர்வும் தடைப்பட்டன. இரண்டும் ஒன்றல்ல. அங்கே சொந்த நாட்டில் சொந்த மொழி மறுக்கப்பட்டது. இங்கே வந்த நாட்டின் மொழி கேட்கப்படுகிறது. எனினும், கற்பதற்கு நேரமும் வழியும் இல்லாதவரிடம் உரிமைக்கு விலையாகப் பரீட்சையை வைத்தால் அது கதவை அடைக்கும் என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

சுவிஸ் சட்டத்திலேயே ஒரு வழி உண்டு. நோய், மாற்றுத்திறன், கற்பதிலோ எழுத வாசிப்பதிலோ உள்ள பெரும் சிரமம் ஆகியவற்றை அதிகாரிகள் கருத்தில் எடுக்க வேண்டும். அந்தத் தாய்க்கு இதை இதுவரை யாரும் சொல்லவில்லை. வார இறுதியில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் நம்மவரின் வகுப்பறைகளில், தாய்மாருக்கும் ஒரு ஜேர்மன் வகுப்பு நடத்தலாம். விண்ணப்பத்தை நிரப்ப ஒருவர் உதவலாம்.