ஆத்துப் பக்கம் போகாதே!

மலையகத்தில் வளர்ந்த நாங்கள் எல்லோரும் கேட்டுப் பழகின வசனம் இது. அப்புத்தளையிலிருந்து கொஞ்சத் தூரத்தில்தான் 263 மீற்றர் உயரமான பம்பரகந்த, இலங்கையிலேயே மிக உயரமான நீர்வீழ்ச்சி. கொஸ்லந்தைப் பக்கம் போனால் 220 மீற்றரில் தியலும. சுத்திவர இவ்வளவு தண்ணி. ஆனால் நம்ம லயத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்?

கித்துல்கலையில் களனி கங்கையில் நடக்கும் ராஃப்டிங் படங்களை எல்லோரும் பார்த்திருப்போம். ஹெல்மெட், உயிர்காப்பு அங்கி, ரப்பர் படகு, வெள்ளை நுரை. "காசு இருக்கிறவங்க விளையாட்டு" என்று தள்ளிவிடுகிறோம். அதில் உண்மையும் இருக்கு. ஒருத்தருக்கான கட்டணம் தோட்டத்து நாட்சம்பளத்தை விட அதிகம். ஆனாலும் அந்த ஆறு யாருடையது? மஸ்கெலியா ஓயாவும் கெஹல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது. தேயிலை மலையில் பெய்த மழைதான் அங்கே நுரைத்துப் பாய்கிறது. மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காக பழைய மஸ்கெலியா நகரமே தண்ணிக்குள் போனது. ஆத்துக்கு இவ்வளவு கொடுத்த மலையகத்துக்கு, ஆத்தில் இறங்கத் தெரியாது.

படகில் ஏறியதும் முதலில் சொல்லிக் கொடுப்பது விழுந்தால் என்ன செய்வது என்பதைத்தான். எழுந்து நிற்கக் கூடாது. கால் பாறை இடுக்கில் மாட்டினால் தண்ணி ஆளையே அமுக்கிவிடும். மல்லாந்து, பாதத்தை ஆறு ஓடும் பக்கம் நீட்டி மிதக்கணும். மேலே மின்நிலையத்தில் தண்ணி திறந்தால் ஆறு ஏறும் என்பதும் வழிகாட்டிகளுக்குத் தெரியும். அவர்களில் பலர் அந்த ஊர்ப் பெடியன்கள்தான். ஆத்தோடு பழகினார்கள், அதுவே தொழிலாகவும் ஆனது.

நமக்குச் சொல்லித் தந்ததோ பயம் மட்டும். பயந்த பிள்ளையும் ஒருநாள் கூட்டாளிகளோடு குளிக்கப் போகத்தான் செய்யும். அன்றைக்கு அதைக் காப்பாற்றப்போவது "போகாதே" என்ற சொல் இல்லை, கற்ற நீச்சல்தான்.

தோட்டத்து இளைஞர் கழகங்கள் வருசா வருசம் கிரிக்கெட் போட்டி நடத்துகின்றன. நல்லது. அதோடு ஒரு நீச்சல் வகுப்பும் கேட்போம், பொம்பளைப் பிள்ளைகளையும் சேர்த்து. பிரதேச சபையிடம் கேட்போம், பாடசாலையிடம் கேட்போம். ராஃப்டிங் நிறுவனங்களிடம், தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் வழிகாட்டிப் பயிற்சி கொடுங்கள் என்று கேட்போம்.

நம்ம மலைத் தண்ணியில் துடுப்புப் போட நமக்கும் தெரியட்டும்.